மாநில முதலிடமும் கிருஷ்ணகிரி மாவட்டமும்: தரவரிசை எதை அளந்தது?

தமிழ்நாட்டில் பிளஸ் டூ, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கம் 2016ஆம் ஆண்டுத் தேர்வோடு முடிந்தது. அதன் கடைசி ஆறு ஆண்டுகளில் மூன்று முறை பிளஸ் டூ மாநில முதலிடம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு வந்தது. 2011இல் ஓசூர்ப் பள்ளி மாணவி ஒருவர் 1200க்கு 1190 பெற்றார். 2014இல் ஊத்தங்கரை ஸ்ரீ வித்யா மந்திர் மேல்நிலைப் பள்ளி மாணவி 1193 பெற்றார். 2016இல் அதே பள்ளியின் மாணவர் இருவர் 1195 பெற்று முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டனர்.

இதே காலத்தின் இன்னொரு எண்ணையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எழுத்தறிவு 71.46 சதவீதம். மாநிலச் சராசரி 80.09 சதவீதம். எழுத்தறிவில் மாநிலத்தின் கடைசி வரிசையில் நின்ற மாவட்டமே தேர்வுத் தரவரிசையின் தலைப்பில் நின்றது. இரண்டு எண்களும் உண்மை. ஒன்று மாவட்டத்து மக்களைப் பற்றியது. மற்றது மாவட்டத்துக்குள் அமைந்த சில கட்டடங்களைப் பற்றியது. அந்தக் கட்டடங்களுக்குள் யார் எப்படிச் சேர்க்கப்பட்டார்கள் என்பதை அறியாமல் அந்த முதலிடங்களின் பொருளை அறிய முடியாது.

எல்லைப் பகுதியும் அதன் பள்ளிகளும்

இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம் பாராமகால் நிலப்பகுதியையும் ஓசூர் மேட்டு நிலத்தையும் கொண்டது. நெடுங்காலம் சேலம் மாவட்டத்திலும், 1965 முதல் தருமபுரி மாவட்டத்திலும் இருந்து, 2004 பிப்ரவரியில் தனி மாவட்டமானது. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதும் வீட்டு மொழிகளாக வழங்கும் பகுதி இது. மேல்படிப்புக்குச் சென்னையைவிடப் பெங்களூர்தான் பக்கம். 1878இல் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி ஓசூர் அரசுப் பள்ளியில் படித்து, பெங்களூர் சென்ட்ரல் கல்லூரிக்குச் சென்றார். அந்தப் பாதை இன்றும் மாறவில்லை, பேருந்துகள்தான் கூடியிருக்கின்றன.

தேர்வு முடிவைக் கொண்டு பள்ளியை மதிப்பிடும் பழக்கமும் இராஜாஜி காலத்துப் பழக்கம்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதராஸ் மாகாணத்தில் பள்ளிகளுக்கு அரசு தந்த மானியத்தில் ஒரு வகை, முடிவுக்கேற்ற மானியம். ஆய்வாளர் வந்து மாணவர்களைத் தேர்வு செய்வார், தேறிய தலைகளை எண்ணிப் பணம் தரப்படும். இங்கிலாந்தில் 1862இல் வந்த விதியின் சாயல் இது. தேறக்கூடிய பிள்ளையின் மேல் ஆசிரியர் கவனம் குவிவதும், பாடம் ஆய்வாளர் கேட்கும் கேள்வியளவுக்குச் சுருங்குவதும் அன்றே கண்டிக்கப்பட்ட குறைகள். இங்கிலாந்தில் 1890களிலும் இந்தியாவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அம்முறை கைவிடப்பட்டது. நூறாண்டு கழித்து அதே குறைகள், மானியத்துக்குப் பதில் கட்டணத்தோடு, திரும்பி வந்தன.

ஓசூரின் முகத்தை மாற்றியது சிப்காட். 1970களில் தொழிற்பேட்டை தொடங்கியது. 1980இல் அசோக் லேலண்ட் ஆலை வந்தது, அதை ஒட்டி டிவிஎஸ் வண்டி ஆலை வந்தது. 1984இல் டாடா நிறுவனமும் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், தன் கைக்கடிகார ஆலையை ஓசூரில் அமைத்தது. டைட்டன் தன் முதல் தொழிலாளர்களில் பெரும்பகுதியைப் பள்ளிப் படிப்பு முடித்த கையோடு, ஊர்ப்புறங்களிலிருந்து எடுத்துப் பயிற்சி கொடுத்தது. இந்த ஆலைகளும் அவற்றுக்கு உதிரி பாகம் செய்யும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகளும் மாதச் சம்பளம் வாங்கும் ஒரு தலைமுறையை உருவாக்கின. தகப்பனார் ஐடிஐ முடித்தவர், தாயார் எட்டாவதோடு நின்றவர், பிள்ளை எஞ்சினியரோ டாக்டரோ ஆக வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது இந்தத் தலைமுறையில்தான். தனியார் பள்ளிகளின் கட்டணத்தைச் செலுத்தும் வசதியும் இவர்களுக்குத்தான் முதலில் கிடைத்தது.

மதிப்பெண் செல்லுபடியான காலம்

1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கியது. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980இல் நடந்தது. அதையொட்டிய ஆண்டுகளில் மெட்ரிகுலேஷன் பள்ளிகள் பல்கலைக்கழகங்களின் பிடியிலிருந்து பள்ளிக் கல்வித் துறைக்கு மாறி, ஊர்தோறும் பெருகின. 1984இல் மருத்துவம், பொறியியல் படிப்புகளுக்கு மாநில நுழைவுத் தேர்வு வந்தது. அப்போது பிளஸ் டூ மதிப்பெண்ணும் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் சேர்ந்துதான் இடத்தை முடிவு செய்தன.

நுழைவுத் தேர்வு நகரத்துப் பிள்ளைகளுக்கும் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடிந்தவர்களுக்குமே உதவுகிறது என்ற வாதம் வலுத்தது. பேராசிரியர் மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரைக்குப் பின் 2006 இறுதியில் சட்டம் இயற்றப்பட்டு, 2007 சேர்க்கை முதல் நுழைவுத் தேர்வு நீங்கியது. ஊர்ப்புற மாணவர்களுக்கு அது உண்மையிலேயே கதவைத் திறந்தது. ஆனால் அதனால் இன்னொன்றும் நிகழ்ந்தது. பிளஸ் டூ மதிப்பெண் ஒன்றே இனி நாணயம். பொறியியலுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 எனக் கணக்கிட்டு 200க்கு ஒரு கட்-ஆஃப். மருத்துவத்துக்குக் கணிதத்தின் இடத்தில் உயிரியல். அரை மதிப்பெண்ணில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி இடம் கை நழுவும். அந்த அரை மதிப்பெண்ணை உற்பத்தி செய்வதற்கென்றே ஒரு தொழில் எழுந்தது.

அதன் தலைநகரம் நாமக்கல், இராசிபுரம் வட்டாரம். கோழிப் பண்ணைக்கும் லாரிக்கும் பெயர் போன ஊர்கள் விடுதிப் பள்ளிக்கும் பெயர் பெற்றன. அங்கிருந்து அந்த முறை தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குப் பரவியது. ஊத்தங்கரை ஓசூரிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி, கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை போகும் வழியில் உள்ள ஊர். அங்கே ஆலையோ பெரிய அலுவலகமோ இல்லை. மே மாதத்தில் ஒரு நாள் மட்டும் தொலைக்காட்சி வண்டிகள் அந்த ஊரைத் தேடிப் போயின.

சேர்க்கையின் கணக்கு

முன்னணி விடுதிப் பள்ளிகளின் பொது வழக்கம் தமிழகம் அறிந்ததே. எந்த ஒரு பள்ளியையும் சுட்டாமலே அதை விவரிக்கலாம். பத்தாம் வகுப்பு முடிவு வெளியான அன்றே பிளஸ் ஒன் சேர்க்கை தொடங்கும். 500க்கு இத்தனைக்கு மேல் என்றால் விண்ணப்பம் தருவார்கள், அதற்குக் கீழே இருந்தால் வாயிற்காவலரோடு பேச்சு முடியும். மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு, சிலருக்கு விடுதியும் இலவசம். வேலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, சில வேளை தென்மாவட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். ஆக, 'கிருஷ்ணகிரி மாவட்டம் மாநில முதலிடம்' என்ற தலைப்புச் செய்தியில் அந்த மாணவர் பத்தாம் வகுப்பு வரை எந்த மாவட்டத்தில் படித்தார் என்பது சில வேளை இருக்காது.

சட்டத்தின் கண் இங்கே எட்டவில்லை. 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, குழந்தைகளைத் தேர்வு வைத்து வடிகட்டிச் சேர்ப்பதைத் தடை செய்கிறது. ஆனால் அச்சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரைக்குமானது. ஒன்றாம் வகுப்பு வாசலில் ஆறு வயதுக் குழந்தையிடம் 'ஏ ஃபார்' கேட்பது குற்றம். பிளஸ் ஒன் வாசலில் 480க்குக் கீழே வராதே என்பது சேர்க்கைக் கொள்கை.

இதன் விளைவை ஓர் எளிய கணக்கில் காணலாம். ஒரு பள்ளி 500க்கு 480க்கு மேல் பெற்றவர்களை மட்டும் சேர்த்து, இரண்டாண்டு கழித்து 1200க்குச் சராசரி 1120 பெறச் செய்கிறது என்று கொள்வோம். நுழையும்போது 96 சதவீதமாவது வைத்திருந்தவர்கள் 93 சதவீதத்தில் வெளியேறுகிறார்கள். பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளி வந்தவர்களையெல்லாம் சேர்த்துக்கொள்கிறது. 250 பெற்று நுழைந்தவர்கள் 780 பெற்று வெளியேறுகிறார்கள், அதாவது 50 சதவீதம் 65 ஆகிறது. தேர்வுகள் வேறு, பாடங்கள் வேறு, உச்சியில் இருப்பவருக்கு மேலே ஏற இடமும் குறைவு என்பதால் இந்தக் கழித்தலை அப்படியே நம்பிவிட முடியாது. ஆயினும் கழித்துப் பார்க்கவாவது செய்திருக்கலாம். தரவரிசை அதைச் செய்யவில்லை. முடிவில் நின்ற எண்ணை மட்டும் எடுத்துப் பள்ளியின் பெயரைப் பக்கத்தில் எழுதியது.

கழிப்பதற்கு வேண்டிய இரண்டு எண்களும் அரசிடமே இருந்தன என்பதுதான் இதில் வியப்பு. 2011 வரை மாநிலத்தில் எஸ்எஸ்எல்சி, மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்கு பாடத்திட்டங்கள், நான்கு பத்தாம் வகுப்புத் தேர்வுகள். ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியாது என்று அப்போது சொல்லலாம். 2011 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் சமச்சீர்க் கல்வி நடைமுறைக்கு வந்தது. 2012 ஏப்ரலில் எல்லாரும் ஒரே பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதினார்கள். அவர்கள் 2014இல் பிளஸ் டூ எழுதினார்கள். இரண்டு தேர்வையும் நடத்தியது ஒரே அரசுத் தேர்வுகள் இயக்ககம். 2014, 2015, 2016 ஆகிய மூன்று ஆண்டுகளில், ஒவ்வொரு பள்ளியும் தன்னிடம் வந்த பிள்ளையை எங்கே கொண்டு சேர்த்தது என்பதைக் கணக்கிட்டு வெளியிட்டிருக்கலாம். மே மாதந்தோறும் வெளியானதோ முதல் மூன்று இடங்களும் தேர்ச்சி சதவீதமும்தான்.

தேர்ச்சி சதவீதம் இன்னொரு வடிகட்டல். நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று ஃபிளெக்ஸ் வைக்க வேண்டுமானால் தேறமாட்டார் என்று தோன்றும் பிள்ளை தேர்வுக்கூடத்துக்கே போகக் கூடாது. ஒன்பதாம் வகுப்பில் நிறுத்திவைப்பது, மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போகச் சொல்வது, தனித்தேர்வராக எழுதச் சொல்வது என வழிகள் பல. அப்படி வெளியேறிய பிள்ளை பெரும்பாலும் அரசுப் பள்ளியில் சேரும். அங்கே அதன் தோல்வி அரசுப் பள்ளியின் கணக்கில் ஏறும். ஒரு பள்ளியின் நூறு சதவீதமும் இன்னொரு பள்ளியின் எழுபது சதவீதமும் இப்படி ஒரே பிள்ளையால் உண்டானவை.

பாடத்திலும் இந்த முறை கை வைத்தது. பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை. எனவே பல பள்ளிகள் பிளஸ் ஒன் புத்தகத்தைத் திறக்காமலே பிளஸ் டூ பாடத்தை இரண்டாண்டு நடத்தின. வினாத்தாளுக்கு 'ப்ளூ பிரிண்ட்' இருந்தது, எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் வரும் என்பது முன்கூட்டியே தெரியும். புத்தகத்தின் பின்பக்க வினாக்களைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்க்கலாம். விடியற்காலை எழுந்து இரவு வரை படித்த அந்தப் பிள்ளைகளின் உழைப்பும், அவர்களோடு விழித்திருந்த ஆசிரியர்களின் உழைப்பும் பொய்யல்ல. ஆனால் பிளஸ் ஒன் கணிதம் தெரியாமல் பொறியியல் முதலாண்டில் உட்கார்ந்தவர்கள் அதன் விலையைக் கட்டினார்கள்.

உச்சியில் நெரிசல்

தரவரிசை ஏதோ ஒரு தரத்தை அளக்கிறது என்றால் அந்த எண் ஓரளவு நிலையாக இருக்க வேண்டும். பிளஸ் டூ கணிதத்தில் 200க்கு 200 வாங்கியவர்கள் 2014இல் 3,882 பேர். 2015இல் 9,710 பேர். 2016இல் 3,361 பேர். ஒரே ஆண்டில் தமிழகத்தின் கணித அறிவு இரண்டரை மடங்காகி, மறு ஆண்டில் மூன்றில் ஒன்றாகச் சுருங்கியதாக யாரும் வாதிட மாட்டார்கள். வினாத்தாள் மாறியது, அவ்வளவே. பத்தாம் வகுப்பில் 2014இல் 499 பெற்று 19 பேர் முதலிடம், 2015இல் 41 பேர். 2015இல் முதல் மூன்று இடங்களில் மட்டும் 773 பேர் இருந்தனர். மேடை போதாத அளவுக்குக் கூட்டம் சேர்ந்தபின் முதலிடம் என்ற சொல்லுக்கு என்ன பொருள் மிஞ்சுகிறது என்று அப்போதே சில நாளிதழ்கள் கேட்டன.

எல்லைப் பகுதிக்கு மட்டும் உரிய ஒரு கோளாறும் இதில் உண்டு. மாநில முதலிடத்துக்குத் தமிழை முதல் பாடமாக எடுத்திருக்க வேண்டும். பிற மொழி எடுத்தவர்கள் தனிப் பட்டியல். சென்னையில் அது பிரெஞ்சும் சமஸ்கிருதமும் எடுத்து எளிதாக மதிப்பெண் குவித்தவர்களை ஒதுக்கும் நியாயமான விதி. ஓசூர், தளி, வேப்பனப்பள்ளிப் பக்கத்தில் தெலுங்கு வழியிலும் கன்னட வழியிலும் உருது வழியிலும் படித்தவர்களுக்கு அது வேறு. தாய்மொழியில் படித்த காரணத்தால் அவர்கள் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டப்படி பத்தாம் வகுப்பில் தமிழ்த்தாள் கட்டாயமாகும் கட்டம் 2016இல் வந்தபோது, மொழிச் சிறுபான்மைப் பள்ளிகள் நீதிமன்றம் சென்று விலக்குப் பெற வேண்டியிருந்தது. அவர்களுக்குத் தமிழ் கற்பிக்கப் போதிய ஆசிரியர்கள் இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணங்களுள் ஒன்று.

2015 மார்ச், ஓசூர்

மதிப்பெண்ணின் மதிப்பு உயர உயர அதைக் குறுக்கு வழியில் பெறும் ஆசையும் உயர்ந்தது. 2015 மார்ச் மாதம் பிளஸ் டூ கணிதத் தேர்வின்போது ஓசூரில் ஒரு தனியார் பள்ளித் தேர்வு மையத்தில், கண்காணிப்பாளராக வந்த தனியார் பள்ளி ஆசிரியர், நடந்துகொண்டிருக்கும் தேர்வின் வினாத்தாளைக் கைப்பேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார் என்ற புகார் எழுந்தது. ஆசிரியர்கள் சிலர் கைது செய்யப்பட்டனர். கல்வித் துறை அலுவலர்கள் மீதும் நடவடிக்கை பாய்ந்தது. மாநிலம் முழுவதும் தேர்வுக்கூடங்களில் ஆசிரியர் கைப்பேசிக்குக் கெடுபிடி கூடியது.

இந்த நிகழ்வில் கவனிக்க வேண்டியது, பிட் அடித்தது மாணவர் அல்லர் என்பது. பழைய காலத்துக் காப்பி அடித்தலில் லாபம் மாணவனுக்கு, மாட்டினால் அடியும் அவனுக்கு. ஓசூர் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆசிரியர்கள். ஒரு மாணவரின் மதிப்பெண் அடுத்த ஆண்டின் சேர்க்கைக்கு விளம்பரமாகிவிட்ட இடத்தில், தேர்வெழுதுவது மாணவர் மட்டுமல்ல, பள்ளியும்தான்.

அளவுகோல் மாறிய ஆண்டு

2017 மே மாதம், பிளஸ் டூ முடிவு வெளியாவதற்கு முதல் நாள், இனி மாநில, மாவட்டத் தரவரிசை அறிவிக்கப்படாது என்று அரசு அறிவித்தது. அப்போது கே. ஏ. செங்கோட்டையன் பள்ளிக் கல்வி அமைச்சர், த. உதயச்சந்திரன் துறைச் செயலர். மாணவர் படங்களைப் போட்டு விளம்பரம் செய்யக் கூடாதென்றும் பள்ளிகளுக்கு அறிவுறுத்தல் சென்றது. பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது, மொத்த மதிப்பெண் 1200இலிருந்து 600 ஆனது, ப்ளூ பிரிண்ட் போனது.

அதே ஆண்டில்தான் நீட் தமிழ்நாட்டு மருத்துவச் சேர்க்கைக்கு வந்தது. நீட் நியாயமா என்பது வேறு விவாதம். இங்கே அது ஒரு சோதனைபோல் பயன்படுகிறது. பள்ளிகள் அவையே, ஆசிரியர்கள் அவர்களே, பிள்ளைகள் அவர்களே, அளவுகோல் மட்டும் ஒரே ஆண்டில் மாறியது. தரவரிசை காட்டியது கல்வித் தரம் என்றால் புதிய அளவுகோலிலும் அதே பள்ளிகள் ஏறக்குறைய அதே உயரத்தில் நின்றிருக்க வேண்டும். நடந்தது அதுவல்ல. பிளஸ் டூவில் 1150க்கு மேல் வாங்கியவர்கள் பலர் நீட்டில் தடுமாறினர். பள்ளிகள் சில ஆண்டுகளுக்குள் தங்களையே நீட் பயிற்சி மையங்களாக மாற்றிக்கொண்டன.

ஆனால் இதிலிருந்து நீட்தான் உண்மையான தரத்தை அளந்தது என்று முடிவு கட்டவும் இடமில்லை. நீதியரசர் ஏ. கே. ராஜன் குழு 2021இல் அளித்த அறிக்கையின்படி, மருத்துவத்தில் சேர்ந்தவர்களில் ஓராண்டோ அதற்கு மேலோ காத்திருந்து மறுபடி நீட் எழுதியவர்களின் பங்கு, 2020-21இல் 70 சதவீதத்தைத் தாண்டியது. நீட்டுக்கு முன் அது சுமார் 12 சதவீதம். பழைய முறை பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டு வடிகட்டியது. புதிய முறை, பிள்ளையை ஓராண்டு வேலைக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துப் பயிற்சிக்குப் பணம் கட்டும் குடும்பத்தின் வசதியைக் கொண்டு வடிகட்டியது. சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவருக்கு இரண்டாவது வடிகட்டல் முதலாவதைவிடக் கடினம். 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இந்த இடைவெளியை ஒப்புக்கொண்டதன் அடையாளம்.

அத்திப்பள்ளியைத் தாண்டினால் வேறு கணக்கு. கர்நாடகம் 1994இல் தொடங்கிய பொது நுழைவுத் தேர்வையும் பியூசி மதிப்பெண்ணையும் சரிபாதியாகச் சேர்த்துப் பொறியியல் தரவரிசை தயாரித்து வந்தது. ஓசூரில் ஒரே தெருவில் வளரும் இரு பிள்ளைகளில் ஒருவர் இங்கேயும் ஒருவர் ஆனேக்கல் பக்கமும் படித்தால், இருவரின் 'தரம்' இருவேறு சூத்திரங்களில் பிறக்கும்.

பிற நாட்டு ஆய்வுகள்

தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் பள்ளி தன் மாணவருக்கு உண்மையில் எவ்வளவு சேர்க்கிறது என்பதை அளப்பது கடினம். அங்கே நுழைந்தவர் நுழையாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்பது தெரியாது. பொருளியலாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டனர். கட்-ஆஃப் கோட்டுக்குச் சற்று மேலே நின்று இடம் பெற்றவரையும், சற்றுக் கீழே நின்று இடம் இழந்தவரையும் ஒப்பிடுவது. அரை மதிப்பெண் வேறுபாட்டில் திறமை வேறுபடாது, பள்ளி மட்டுமே வேறுபடும். பாஸ்டன், நியூயார்க் நகரங்களின் புகழ்பெற்ற தேர்வுவழிப் பள்ளிகளை இவ்வாறு ஆராய்ந்து அப்துல்கதிரோக்லு, ஆங்ரிஸ்ட், பாதக் ஆகியோர் 2014இல் வெளியிட்ட கட்டுரை, கோட்டை ஒட்டி நின்றவர்களின் தேர்வு மதிப்பெண்களில் அந்தப் பள்ளிகளால் குறிப்பிடத்தக்க உயர்வு ஏற்படவில்லை என்று கண்டது. பள்ளியின் புகழ், உள்ளே வந்தவர்களின் முன்திறமையிலிருந்து வந்தது.

இன்னும் அருகில் ஒரு சான்று, கிருஷ்ணகிரியை ஒட்டிய ஆந்திரத்தில் உள்ளது. கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் அங்கே ஊர்ப்புறக் குழந்தைகளுக்குக் குலுக்கல் முறையில் தனியார் பள்ளிக் கட்டண உதவி கிடைக்கச் செய்து நான்காண்டு பின்தொடர்ந்தனர். 2015இல் வெளியான முடிவின்படி தெலுங்கிலும் கணிதத்திலும் தனியார் பள்ளிக்குச் சென்றவர்கள் அரசுப் பள்ளியில் இருந்தவர்களைவிட முன்னேறவில்லை. இந்தியில் முன்னேறினர், அரசுப் பள்ளி அதைக் கற்பிக்கவே இல்லை என்பதால். ஆனால் தனியார் பள்ளிகள் ஒரு மாணவருக்கு அரசு செலவழிப்பதில் மூன்றில் ஒரு பங்கில் இதைச் செய்தன என்பதும் அதே ஆய்வின் முடிவுதான். தனியார் பள்ளியைத் திட்டுவோர் இந்த இரண்டாம் பாதியைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

தரவரிசையை ஒழிப்பதே தீர்வு என்போருக்கு வேல்ஸ் நாட்டு அனுபவம் இடைஞ்சல். 2001இல் வேல்ஸ் தன் பள்ளித் தரவரிசைப் பட்டியலை நிறுத்தியது, இங்கிலாந்து தொடர்ந்தது. இரண்டையும் ஒப்பிட்ட சைமன் பர்ஜெஸ் குழுவினர் (2013), பட்டியல் நின்றபின் வேல்ஸ் பள்ளிகளின் முடிவுகள் தாழ்ந்ததாகவும், ஏழைப் பகுதிப் பள்ளிகளிலும் அது தெரிந்ததாகவும் கண்டனர். தகவல் இல்லாமற்போனால் சோம்பல் பள்ளியும் மறைந்துகொள்ளும். இங்கிலாந்தோ பட்டியலை வைத்துக்கொண்டு அளவையை மாற்றியது. 2016 முதல், மாணவர் பதினோரு வயதில் இருந்த நிலையிலிருந்து பதினாறு வயதுக்குள் எவ்வளவு முன்னேறினார் என்பதே அங்கே தலைமை அளவை ஆனது. அதற்கும் குறைகள் சொல்லப்படுகின்றன. ஏழை வீட்டுப் பிள்ளை அதிகமுள்ள பள்ளியை அது இன்னும் தாழ்த்திக் காட்டுகிறது என்பது அவற்றுள் முக்கியமானது.

தரவரிசைக்குப் பின்

தமிழ்நாடு பட்டியலை நிறுத்தியது, மாற்று அளவை எதையும் வைக்கவில்லை. காலியான இடத்தில் விளம்பரம் குடியேறியது. மாநில முதலிடம் என்று போட முடியாததால் 'நீட்டில் இத்தனை பேர் 600க்கு மேல்', 'ஜேஇஇ-யில் இத்தனை பேர்' என்று ஓசூர்ப் பேருந்து நிலையத்தைச் சுற்றிய பலகைகள் மாறின. அரசு வெளியிடும் பட்டியலிலாவது எண்ணுக்கு ஒரு பொறுப்பு இருந்தது. பலகையில் உள்ள எண்ணில் எத்தனை பேர் அந்தப் பள்ளியில் படித்தவர்கள், எத்தனை பேர் ஓராண்டுப் பயிற்சிக்கு மட்டும் வந்தவர்கள் என்று கேட்க வழியில்லை.

பெற்றோரைக் குறை சொல்வது எளிது. பள்ளியின் உள்ளே என்ன நடக்கிறது என்று அறிய அவர்களுக்குக் கிடைத்த ஒரே சாளரம் அந்த மதிப்பெண்தான். 2007 முதல் 2016 வரை அந்த மதிப்பெண் உண்மையிலேயே மருத்துவ இடமாகவும் பொறியியல் இடமாகவும் மாறியது. வடிகட்டிச் சேர்க்கும் பள்ளியில் தன் பிள்ளைக்கு இடம் கிடைத்தால் கூடவே நல்ல சகமாணவர்கள் கிடைப்பார்கள் என்ற கணிப்பும் முட்டாள்தனமல்ல. சேராத பிள்ளைகளின் வகுப்பறையிலிருந்து அந்தச் சகமாணவர்கள் போய்விட்டார்கள் என்பது எந்தத் தனிக் குடும்பத்தின் கணக்கிலும் வராத செலவு.

அரசுப் பள்ளிகளும் இப்போது அதே வழியில் சிறிது தூரம் நடந்திருக்கின்றன. மாவட்டந்தோறும் உறைவிட வசதியோடு அமைந்த அரசு மாதிரிப் பள்ளிகள், அரசுப் பள்ளிகளில் நன்கு படிக்கும் மாணவர்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்து ஐஐடி, என்ஐடி போன்ற நிறுவனங்களுக்குத் தயார் செய்கின்றன. கூலித் தொழிலாளியின் மகள் ஐஐடி போவதை யாரும் குறைத்துப் பேச முடியாது. விடுதிப் பள்ளிக்குக் கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு அந்த வாய்ப்பை அரசே தருவது பெரிய மாற்றம். ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்களின் வெற்றி எண்ணிக்கையை அரசு ஆண்டுதோறும் அறிவிக்கும்போது, அதே பழைய கேள்வி எழுகிறது. அந்த மாணவர் கிளம்பி வந்த அஞ்செட்டி அல்லது கெலமங்கலம் பக்கத்து மேல்நிலைப் பள்ளியில், மீதமுள்ள பிள்ளைகளுக்கு இயற்பியல் ஆசிரியர் இருக்கிறாரா?

ஓசூர் வட்டாரத்தின் வேலைச் சந்தையும் இதற்கிடையே மாறிவிட்டது. கெலமங்கலத்தை அடுத்த திம்ஜேப்பள்ளியில் டாடா எலெக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளி அருகே ஓலாவின் மின்சார ஸ்கூட்டர் ஆலை ஆகியவை ஆயிரக்கணக்கான இளம்பெண்களை வேலைக்கு எடுத்தன. இந்த ஆலைகள் பெரும்பாலும் கேட்பது பிளஸ் டூ தேர்ச்சி அல்லது டிப்ளமோ. 1195 வாங்கியவரை அவை தேடுவதில்லை. பயிற்சிக் கையேட்டைப் படித்துப் புரிந்துகொள்ளவும், அளவுமானியைப் பார்த்துச் சரியான எண்ணை எழுதவும், தவறு கண்டால் மேற்பார்வையாளரிடம் சொல்லவும் தெரிந்தவர்கள் வேண்டும். தரவரிசையின் காலம் முழுவதும் எந்தப் பட்டியலிலும் பெயர் வராத நடுத்தரத்து மாணவர்கள்தான் அவர்கள்.

பள்ளிக் கல்வித் துறையின் தகவல் மேலாண்மை முறையில் இன்று ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் 'எமிஸ்' எண் உண்டு. ஒன்றாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை பள்ளி மாறினாலும் அந்த எண் மாறாது. எந்தப் பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் எங்கிருந்து வெளியேறியது, யார் எந்த மதிப்பெண்ணோடு எங்கே நுழைந்து எந்த மதிப்பெண்ணோடு வெளியேறினார் என்பதெல்லாம் அந்த எண்ணைப் பின்தொடர்ந்தால் தெரியும். பள்ளிவாரியாக அந்தக் கணக்கு பெற்றோர் பார்க்கும்படி இன்னும் வெளியிடப்படவில்லை.